மாப்புக் கேட்க வந்தவர்கள்

நுரையீரலில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னபோது, பயத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. அது சிகரெட் குடிக்கிறவர்களுக்கு வருகிற வருத்தம் என்றுதான் எங்கள் எத்தாளை ஊரில் நினைப்பு. ஒரு பொம்பிளைக்கு வந்தால் என்னவெல்லாம் கதைப்பார்கள்? டொக்டரே முதலில் நீங்கள் புகைப்பீர்களா என்றுதான் கேட்டார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அறைக்குள்ளேயே புகைக்கும் என் கணவர், பக்கத்துக் கதிரையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைக்காதவர்களுக்கும் வரும் என்றார் டொக்டர். பக்கத்தில் புகைப்பவரின் புகையும் கூடாது, அடுப்புப் புகையும் கூடாது. ஆனால் உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியாகச் சொல்ல ஏலாது. இன்னும் பரவவில்லையாம். இப்போதே வெட்டி எடுத்தால் பல வருடம் சுகமாக இருப்பவர்கள் நிறையப் பேர், பிந்தப் பிந்த அந்த வாய்ப்புக் குறையும் என்றார். ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்கவா என்று கேட்டார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பேச என்ன இருக்கிறது? ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான். முட்டு வருத்தம் என்று சொல்லிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுத் திரிந்தேன்.

மதினிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பிறகென்ன, ஊரே பிஸ்கட் பெட்டியோடு வந்து நின்றது. மௌத்தாகப் போகிறவளிடம், சாகக் கிடப்பவளிடம் கேட்பதைப்போல, ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, பேசியது செய்தது எல்லாவற்றுக்கும் மாப்புக் கேட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீயும் கொடுத்தேன், மாப்பும் கொடுத்தேன். போகும்போது அவரைப் பார்த்து, பாவம் மனிசன், தனித்துப் போவாரே என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், என்னைப் புகைத்தவள் என்று நினைத்துவிட்டார்களோ என்று தலையைக் குனிந்தபடி இருந்தேன்.

எல்லோரும் போனதும் அவர் வந்து கட்டிலில் இருந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்தார்.

"எனக்கும் மாப்புத் தாங்க."

டொக்டர் சொன்ன அவ்வளவையும் என்னோடு இருந்து கேட்ட ஒரே ஆள் அவர். அவரும் என்னை மௌத்துக்கு அனுப்பிவைத்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன? ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்காமல் வெட்கத்தைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தவள் நான்தானே. அதை நினைக்க இன்னும் கூசிப்போனேன். கையை இழுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இப்ப தர ஏலா. நான் மௌத்தாகப் போறல்ல. டொக்டர்ட்ட நாள் கேட்டுட்டு வாங்க."