நாய்க்கு ஒண்ணும் செய்யாது என்று நான் சொன்ன செடி

ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று தொட்டி முள்ளுச் செடி உண்டு. பக்கத்து வீட்டுச் சீன அம்மா கொடுத்தது. தண்டெல்லாம் முள், உச்சியில் மட்டும் கொத்தாகச் சிவப்புப் பூ. எட்டுப் பூவாகப் பூத்தால் வீட்டுக்கு ராசியாம். தினமும் எண்ணுவேன். ஏழைத் தாண்டியதில்லை. ராசி இன்னும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது போல.

என்னோடு இருக்கும் பேத்தி, வேலை முடிந்து வரும்போது சுங்கை சிப்புட் ரோட்டோரத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லோரிச் சக்கரத்துக்குத் தப்பியது. கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தது. என் இடது கால் செருப்பைத் தின்றது. வலது கால் செருப்பை மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டது.

பேத்திக்குச் சந்தேகம் வந்தது.

"பாட்டி, இந்த முள்ளுச் செடி நாய்க்கு ஆகுமா?"

ஒரு கிளையை ஒடித்துக் காட்டினேன். வெள்ளையாக வழிந்தது.

"பாத்தியா, வெறும் பாலு. நாப்பது வருஷம் தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவ நான். கையி, மூஞ்சி, சட்டை எல்லாம் பாலு. செத்தா போயிட்டேன்?"

"நீ நாயில்லையே பாட்டி."

"ஒங்க தாத்தாகிட்ட கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாரு லா."

சிரித்தாள். நம்பியும் விட்டாள். தோட்டத்தில் எங்களுக்குப் பால்தான் சோறு. பால் கெடுதல் செய்யும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குட்டி வீலென்று கத்தியது. ஓடிப் போய்ப் பார்த்தால் வாயெல்லாம் நுரை, முன்காலால் மூஞ்சியைப் பிறாண்டுகிறது. பக்கத்தில் கடித்துப்போட்ட கிளை.

பேத்தி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். "ஒண்ணும் செய்யாதுன்னு நீதானே சொன்னே?" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மிருக வைத்தியருக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா இரண்டு கேள்வி கேட்டார்: எப்போது கடித்தது, எவ்வளவு விழுங்கியது? பேத்தி என்னைப் பார்த்தாள். நான் செடியிடம் குனிந்தேன்.

"இப்பதான் கடிச்சிருக்கு. வெட்டுல பால் இன்னும் நிக்கல, பாரு."

தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒடிந்த இடத்தில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம்தான் குறைந்தது.

"நகத்தளவுதான் உள்ள போயிருக்கு. சொல்லு."

டாக்டர் சொன்னபடி வாயைத் தண்ணீரால் கழுவினோம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்றார். கிளையையும் பையில் போட்டுக்கொண்டு போனோம்.

அவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்து மருந்து கொடுத்தார். இந்தப் பால் வாயையும் வயிற்றையும் எரிக்குமாம். கண்ணில் பட்டால் இன்னும் மோசமாம், முள் குத்தினாலும் ஆபத்தாம். நேரத்தோடு வந்ததால் பிழைத்துக்கொள்ளும் என்றார். என் ரப்பர் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். அவர் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் 'மக்சிக்' என்று கூப்பிட்டு மலாயில், "இது கெத்தா பால் இல்ல, மக்சிக். ரப்பர் வேற, இது வேற. நீங்களும் கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க, கண்ணத் தேய்க்காதீங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் முட்டிபோட்ட பிள்ளை மாதிரி தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி தொட்டிகளைத் தூக்கி எறியப் போனாள்.

"பொறு லா. கம்பி எடு."

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைக் கம்பியால் கட்டுவோமே, அதே கட்டுத்தான். மூன்று தொட்டியையும் வேலிக்கு மேலே ஏற்றி இறுக்கினேன்.

"எட்டுமான்னு நாய் மாதிரி குதிச்சுப் பாரு."

"நீ குதி பாட்டி."

குதித்தேன். எட்டவில்லை. காலையும் மாலையும் உதிர்ந்த இலை, பூவைக் கூட்டி அள்ளுவது இனி என் வேலை.

ராத்திரி குட்டி கஞ்சியைத் தொடவில்லை. பேத்தி அதன் பக்கத்திலேயே பாய் விரித்தாள். தூங்கப் போகும் முன் கேட்டாள்:

"பாட்டி, பின்னால இருக்கிற கத்தாழை நாய்க்கு ஆகுமா?"

"தெரியாது. டாக்டரக் கேளு."

"அடேயப்பா!" என்றாள்.

விடிந்ததும் குளிக்கப் போக எழுந்தேன். என் வலது கால் செருப்பைக் காணோம். கட்டிலுக்கடியில் கறுக் கறுக்கென்று சத்தம்.

"தின்னுடா கண்ணு. அத மட்டும் வச்சு நான் என்ன பண்ணப்போறேன்" என்றேன்.