மூடுவதற்கு ஒரு கதவு

ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையின் கடைசியில் இருக்கும் கக்கூசுக்கு நீலக் கதவு போட்டிருக்கிறது. அந்த வாசலுக்குப் பொருந்தாத கதவு அது. நான்கு விரல் அகலம் கூடுதல். அதனால் சட்டத்துக்குள் பொருத்தாமல் வெளிப்பக்கமாக அடித்து வைத்திருக்கிறார்கள். உட்பக்கத்தில் துவாய் மாட்டுவதற்கு ஒரு பித்தளைக் கொக்கி. அதற்கு மேலே, சுடுதண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று. பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியதால் இன்னும் அழியவில்லை. அந்த லயத்துக்கே ஒரு குழாய்தான். சுடுதண்ணீர் கிடக்கட்டும், பச்சைத்தண்ணீரே காலையில் மட்டும்தான் வரும். வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகள் கதவு திறந்திருக்கும்போது அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும்.

கண்டியில் ஒரு திருச்சபையின் சமூகப் பணியில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு மாணவர்கள் வருவார்கள். சபையின் விடுதியில் தங்குவார்கள். காலையில் நான் அவர்களை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு லயங்களுக்குப் போவேன், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். அவர்களுடைய ஊரில் அது கோடை விடுமுறை. எங்களுக்கு அது மழையும் பனிமூட்டமும் அட்டைக்கடியுமான காலம். முதுகில் 'கோடை ஊழியம்' என்று எழுதிய பனியன்களை நனைய நனையப் போட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள், படம் வரைந்து நிறம் தீட்டுவார்கள், தலை பின்னி விடுவார்கள். கடைசி நாளில் கட்டிப்பிடித்து அழுவார்கள். பிறகு விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்த வாரம் பிள்ளைகள் அந்த அக்கா எங்கே, இந்த அண்ணன் எங்கே என்று கேட்பது என்னிடம்தான். நானும் கம்பளைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். யாராவது வந்து தலையைத் தடவிவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. எந்த வீட்டுக்கும் எந்தப் பொருளும் கொடுக்கக் கூடாது. கூட இருக்கலாம், பேசலாம், ஜெபிக்கலாம், அவ்வளவுதான். அந்த விதியை நான் இன்றைக்கும் ஆதரிப்பவள். ஒரு வருடம் ஒரு பையன் ஒரு லயத்துக்குப் பந்து வாங்கிக் கொடுத்து, பின்பக்கத்து லயத்துப் பையன்கள் அதைக் கத்தியால் கிழித்து, கடைசியில் பெரியவர்கள் அடித்துக்கொண்டார்கள். பந்து கொடுத்தவன் அப்போது ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான்.

சில வருடங்களுக்கு முன் வந்த கூட்டத்தில் ஒரு கொரியாப் பிள்ளை இருந்தாள். குட்டையானவள், அதிகம் பேசமாட்டாள். பாட்டுக் குரல் கிடையாது. உறைப்பு நாக்கில் பட்டால் கண்ணீர் கொட்டும், ஆனாலும் தட்டைக் காலி செய்யாமல் எழும்பமாட்டாள். லயத்துச் சனம் முதலில் அவளை ஏமாற்றத்தோடுதான் பார்த்தது. "என்னா மிஸ், இந்த வருசம் வெள்ளக்காரங்க தீந்து போச்சா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கொரியாக்காரி என்று தெரிந்ததும் கதை மாறிவிட்டது. மகனுக்கு அங்கே ஒரு வேலை எடுத்துத் தர முடியுமா என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். நான் ஒவ்வொன்றையும் அப்படியே அவளுக்குச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பார்க்க எரிச்சலாக இருந்தது.

வீடு வீடாகப் போய், உங்களுக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று கேட்பது பயிற்சியில் ஒரு பகுதி. லயத்தில் அநேகர் சைவ சமயத்தவர். ஜெபம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, எந்தச் சாமியிடமும் ஒரு வார்த்தை போட்டு வைப்பதில் நட்டம் இல்லை என்பது அவர்கள் எண்ணம். என்ன பதில் சொன்னால் வந்தவர்களின் முகம் மலரும் என்பதும் அவர்களுக்குப் பழக்கம். சுகம் வேண்டும், வீட்டில் சமாதானம் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். மூன்றாவது காம்பரா வீட்டில் இருந்த அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் துடைத்துக் கொரியாப் பிள்ளையை உட்கார வைத்தார், தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "கக்கூசுக்கு ஒரு கதவு. வேற ஒண்ணும் வாணாம்."

கதவு இற்று விழுந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உரச் சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கக்கூசுக்கு முன்னால்தான் தொழிற்சாலைக்குப் போகிற பாதை. காற்றடித்தால் சாக்கு மேலே போய்விடும். அக்காவின் மகள் அப்போதுதான் ஆளாகியிருந்தாள். பகலில் அந்தப் பக்கம் போகமாட்டாள், இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருப்பாள். போக வேண்டி வருமே என்று பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக இரண்டு தடவை கண்டிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். தோட்டத்து நிர்வாகக் கந்தோரில் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். "இன்னொரு தடவ அந்தக் காய்ச்சல் வந்தா கிட்னிக்குப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு மிஸ். அவுங்க சாமிக்கிட்ட நல்லா வெளங்குற மாதிரி கேக்கச் சொல்லுங்க." கக்கூஸ், கதவு, கிட்னி எல்லாவற்றையும் மறைக்காமல் மொழிபெயர்த்தேன். கண்ணியம், பாதுகாப்பு என்று மெழுகிச் சொல்கிற வேலை எனக்கு வராது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் விடுதி மண்டபத்தில் ஜெபக் கூட்டம். பயிற்சிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் லயத்தில் கேட்டதைச் சொல்ல வேண்டும். கொரியாப் பிள்ளை எழும்பி, அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், ஒரு தாய் மகளுக்காகக் கதவு கேட்கிறாள் என்று சொன்னாள். கக்கூஸ் என்ற சொல்லைச் சபையில் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். அவ்வளவுதான். போதகர் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசலைத் திறந்தருளும்" என்று தொடங்கினார். எங்கள் சபைகளில் அப்படித்தான் பேசுவோம். வேலை கிடைத்தால் கதவு திறந்தது, விசா கிடைத்தால் கதவு திறந்தது, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தாலும் கதவு திறந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் சபைகளிலும் அதே பேச்சுத்தான் போலிருக்கிறது. ஆளுக்கு ஆள் எழும்பி, அடைத்த கதவைத் திற, அகலத் திற, ஒருவரும் பூட்டாதபடி திற என்று உருகி உருகி ஜெபித்தார்கள். அது கக்கூஸ் கதவு என்று பிறகு போதகரிடம் போய்ச் சொன்னேன். "கர்த்தருக்குத் தெரியும் சிஸ்டர்" என்றார். அடுத்த வெள்ளியும் அதையே ஜெபித்தார்.

திரும்ப மலைக்குப் போனபோது, ஆண்டவர் கதவு அனுப்பிவிட்டாரா என்று அக்கா கேட்டார். என்ன ஜெபித்தார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யய்யோ! தொறக்கவா சொன்னாங்க? இங்க எல்லாம் தொறந்துதானே மிஸ் கெடக்கு. நான் மூடுறதுக்குத்தான கதவு கேட்டேன்!" பக்கத்துக் காம்பராக்காரிகளும் வந்து சிரித்தார்கள். மகள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய கக்கூஸ் கதையை ஊரே சிரித்துப் பேசினால் அவளுக்கு எப்படி இருக்கும்? கொரியாப் பிள்ளை அதைப் பார்த்தாள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. 'மூடு' என்ற சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை விடுதிக்குப் போனால் ஒரே கூச்சல். பெண்பிள்ளைகள் தங்கியிருந்த அறையின் குளியலறைக்குக் கதவைக் காணவில்லை. அந்த இடத்தில் படுக்கை விரிப்பு ஒன்று தொங்கியது. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் பேராதனைப் பூங்காவுக்குப் போன நேரத்தில், வயிற்றுவலி என்று சொல்லி இவள் பின்தங்கி, கதவைக் கழற்றி, எங்கள் வழக்கமான முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டி, மலைக்குக் கொண்டுபோய்விட்டாள். வண்டிக்காரர் திகனப் பக்கத்து முஸ்லிம் மனுசன். அவரைப் பிடித்து ஏசினேன். "நான் கேட்டேன் மிஸ், சேர்ச்சுல சொன்னாங்களான்னு. புள்ள சிரிச்சிச்சு. நான் ஓம்னு நெனச்சிட்டேன். எங்க பள்ளிவாசலா இருந்தா நாங்க இப்படிக் கதவு கழட்ட உடமாட்டோம்" என்றார்.

அவளை வெளியே கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் பாவித்து ஏசினேன். விதி தெரியாதா, யாருடைய சொத்து, யார் பதில் சொல்வது, பின் லயத்துக்காரர் நாளைக்கு வந்து நின்றால் எந்தக் கதவைக் கழற்றுவாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு தமிழில் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ் வசனம் அதுதான்.

"அக்கா கதவு இல்லை. எனக்கு கதவு இருக்கு."

இலக்கணம் உதைத்தது. கணக்கு உதைக்கவில்லை. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

சபையின் செயலாளர் யாழ்ப்பாணத்தவர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனுசன் இல்லை. "பிள்ளை, அது சபையின்ர சொத்து. இண்டைக்குக் கதவு, நாளைக்கு யன்னல் எண்டு போகும். நீங்களே போய்க் கழட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அவர் சொன்னது நியாயம். பின் லயத்துப் பெண்கள் ஏற்கனவே என்னை வழிமறித்து, "எங்களுக்கு எந்த ரூம் கதவு மிஸ்?" என்று கேட்டுவிட்டார்கள். வண்டிக்காரரையும், திருகாணி கழற்ற ஒரு திருப்புளியையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் நின்றார். திருப்புளியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "கழட்டவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "புள்ள உள்ள இருக்கு. வெளிய வரட்டும்" என்றார்.

நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு!"

மகளின் குரல். அந்தக் குரல் அவ்வளவு உரத்துக் கேட்டது அன்றைக்குத்தான். அவசரம் இல்லை, பயம் இல்லை. கதவைத் தட்டியது யார் என்று கேட்கக்கூட இல்லை. நான் ஒதுங்கி நின்றேன். தண்ணீர்ச் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. நேரம் போனது. வண்டிக்காரர் கொட்டாவி விட்டார். அக்கா கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "எவ்வளவு நேரமா உள்ளதான் கெடக்குறா மிஸ். வகுத்து வலியான்னு கேட்டேன். இல்லயாம். சும்மா இருக்கேன்ங்கிறா."

ஒரு காம்பராவில் ஆறு பேர். உடுப்பு மாற்றுவதென்றாலும் மற்றவர்களைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை, தனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு கதவை மூடிவிட்டுச் சும்மா இருந்ததே இல்லை. எனக்கும் அந்த வயதில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. திருப்புளியைப் பைக்குள் போட்டேன். வண்டியை எடுக்கச் சொன்னேன்.

"கதவெங்க பிள்ளை?" என்றார் செயலாளர்.

"உள்ள ஆள் இருந்திச்சிங்க ஐயா."

"ஆள் வெளியில வந்தாப் பிறகு கழட்டுறதுதானே?"

"அது வந்தா அடுத்த ஆள் போகுதுங்க. ஆறு வீட்டு ஆளுங்க. வேணும்னா நீங்க போய்த் தட்டிப் பாருங்க."

அவர் போகவில்லை. விடுதிக்கு ஒரு பிளாஸ்டிக் கதவு வரும்வரை பெண்பிள்ளைகள் படுக்கை விரிப்புக்குப் பின்னால் குளித்தார்கள், கொரியாப் பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருத்தி தன் ஊருக்கு முறைப்பாடு எழுதினாள். பின் லயத்துப் பெண்கள் நீலக் கதவைக் காட்டிக் காட்டியே கந்தோரில் சண்டை பிடித்து, அடுத்த வருடம் தகரக் கதவுகள் வாங்கிக்கொண்டார்கள். காற்றடித்தால் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். அக்காவின் மகளுக்கு அந்தக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், தண்ணீர்ப் போத்தலோடுதான் பஸ் ஏறுவாள். கொரியாப் பிள்ளையும் மற்றவர்களைப் போலக் கடைசி நாளில் அழுதாள், போயிட்டு வாறேன் என்று சொன்னாள், வரவில்லை. இரண்டு வருடம் டிசம்பரில் நத்தார் வாழ்த்து அனுப்பினாள். பிறகு அதுவும் இல்லை. அவள்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. சொல்லாமல் செய்தாள், ஏச்சுக் கேட்டது நான். ஆனால் அத்தனை வருடங்களில் வந்து போனவர்களில், கேட்டதைக் கேட்டபடி விளங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

இந்த ஆடியிலும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். நல்ல மழை. வந்த பிள்ளைகள் லயத்துக் கக்கூசுக்குப் போவதில்லை, விடுதி திரும்பும் வரை அடக்கிக்கொள்வார்கள். இந்தத் தடவை ஒருத்திக்கு முடியவில்லை. குடையைக் கொடுத்து நீலக் கதவைக் காட்டினேன். போனவள் உடனே திரும்பி வந்தாள். தட்டினேன், உள்ளேயிருந்து யாரோ சத்தம் போட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை என்றாள். நானும் கூடப் போய்த் தட்டினேன்.

"ஆள் இருக்கு!"

ஒரு சின்னப் பிள்ளையின் குரல். யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை.

உள்ளே ஆள் இருக்கிறது, காத்திரு என்று அவளுக்குச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

அது அவர்கள் இஷ்டம் என்றேன்.