பத்துப் பேர் மேனேஜர்

போன மாதம் செமிலிங்கில் ஒரு கல்யாணப் பந்தி. எங்கள் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “சப்பான்காரன் காலத்துல நம்ம பந்து டீமுக்கு இருந்தாரே, அந்த மாதிரி மேனேஜர் அப்புறம் வரவே இல்ல” என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

“வராம இருந்ததே நல்லது” என்றேன்.

அவ்வளவுதான், பந்தி இரண்டாகப் பிரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்து ஆட்கள் அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தோம், எல்லோருக்கும் பல் போய்விட்டது, குரல் போகவில்லை. பாயசம் வரும்வரை சண்டை. பெண் வீட்டார் சீர்வரிசையில்தான் ஏதோ தகராறு என்று பயந்து ஓடி வந்தார்கள். பந்து விளையாட்டு என்று சொன்னதும் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லக்கூடாது.

என் பக்கத்து நியாயத்தை அங்கே யாரும் முழுசாகக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் செமிலிங் பக்கம், ரப்பர்த் தோட்டம். சப்பான்காரன் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரத் துரையும் ஆபீஸ் கணக்கு பார்த்த பெரிய கிராணியும் ஓடிவிட்டார்கள். பந்து டீமை நடத்திக்கொண்டிருந்தது பெரிய கிராணிதான். மைதானம் இருந்தது, கோல் கம்பம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், நடத்த ஆள் இல்லை. கள்ளுக்கடைக்காரர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவர் கடை மைதானத்தை ஒட்டி இருந்தது. அது ஒன்றுதான் அவருடைய தகுதி. பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. பால்மரத்தைக் கத்தியால் தொட்டவரும் இல்லை. பின்னால் நடந்த கூத்துக்கு அதுதான் காரணம்.

ஆனால் ஆட்களை அடக்கத் தெரியும். பயிற்சிக்கு வராதவனுக்கு அன்று பானையின் அடிக்கள்தான். அதற்கு யாரும் அப்பீல் போக முடியாது. ஆட்டம் பார்க்க வந்து அவரைத் திட்டினாலும் அதே தண்டனை. நான் கள் குடிக்கிறவள் இல்லை. ஆகவே என் வாய்க்கு என் வீட்டுக்காரர் தண்டனை வாங்கினார். “இன்னைக்கு என்ன சொல்லித் தொலைச்ச? கஞ்சித் தண்ணி மாதிரி ஊத்துறான்யா” என்று வந்து நிற்பார். கோல் கீப்பரை மாத்தச் சொன்னேன் என்பேன். “ஒரு வாரமாச்சும் அவன் நல்லாப் புடிச்சான்னு சொல்லேன்” என்று கெஞ்சுவார். பிடிக்காதவனைப் பிடித்தான் என்று எப்படிச் சொல்வது?

அப்போது சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. துணி கிடையாது, ஆட்டக்காரர்கள் கோணிச்சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு ஆடினார்கள். கடையில் வாங்கிய தோல் பந்து எப்போதோ வெடித்துவிட்டது. பந்தை நாங்களே செய்தோம். காய்ந்த லாலாங் புல்லை உருண்டையாக்கி, மரத்துப் பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து அதன்மேல் சுற்றிச் சுற்றி, பச்சைப் பாலில் முக்கிப் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டில் தொங்கவிட வேண்டும். நல்ல பந்து. கொஞ்சம் அதிகமாகத்தான் எழும்பும். வெளியூர்க்காரன் நெஞ்சுக்கு வரும் என்று நிற்பான், அது அவன் தலைக்கு மேலே போய்விடும். எங்கள் மைதானத்தில் நாங்கள் அதிகம் ஜெயித்ததற்கு அந்தப் பந்துதான் காரணம். கல்யாணத்தில் அப்பளம் நொறுக்கியவர் அதையும் மேனேஜர் கணக்கில் எழுதப் பார்த்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் டீமில் இடது பக்கம் ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். நல்ல ஆட்டக்காரன், அதை நான் மறுக்கவில்லை. ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் சப்பான்காரன் ஆட்களைப் பொறுக்கி லாரியில் ஏற்றினான். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம் என்றான். அந்த லாரியில் இவனும் போனான். அவன் பெண்டாட்டி லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். கூட்டத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? “நீ போய்ட்டு வா தம்பி. உன் எடத்துல எவனையும் போட மாட்டேன்.”

மூன்று மாதம்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். மூன்று மாதம் ஆறாச்சு, வருஷமாச்சு. போனவன் வரவில்லை. இந்த மனுஷன் சொன்ன சொல்லையும் விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்துப் பேரை இறக்குவார். மைதானத்தின் இடது பக்கம் மாடு மேயலாம் போலக் காலியாகக் கிடக்கும்.

இத்தனைக்கும் இடது காலால் உதைக்கிற ஆள் தோட்டத்தில் இருந்தான். என் தம்பிதான். கோணிச்சாக்கு மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பான், ஆட்டம் முடிந்ததும் வேர்க்காமல் வீட்டுக்கு வருவான். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

பீடோங் டவுன் பையன்கள் எங்கள் மைதானத்துக்கே வந்து எங்களைத் தோற்கடித்த அன்று நான் நேராகக் கள்ளுக்கடை வாசலுக்குப் போனேன்.

“பதினோரு பேர் ஆடுற ஆட்டம்ண்ணே இது” என்றேன்.

“பதினோராவது ஆளு சயாம்ல இருக்கான்” என்றார், பானையைக் கழுவிக்கொண்டே.

“அவன் அங்கருந்து உதைச்சா பந்து இங்க வருமா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆள் ஆளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். எடத்த நெரப்பு, இல்லாட்டி நீ வெலகு என்று ஒருவர் கத்தினார். மேனேஜர் பானையைக் கீழே வைத்தார்.

“சரி. அடுத்தது தஞ்சோங் டாவாய். அங்க தோத்தா நான் வெலகிக்கிறேன். தங்கச்சி, உன் தம்பியப் போடு, யார வேணா போடு. ஜெயிச்சா நான்தான் மேனேஜர், அந்த எடத்தப் பத்தி எவனும் வாயத் தெறக்கக் கூடாது.”

எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் டீம் தோற்க வேண்டும் என்று நான் எப்படி நினைப்பேன்? ஜெயித்தாலோ இந்த ஆள் போகமாட்டார்.

சயாம் போனவனின் பெண்டாட்டி எனக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டுகிறவள். மறுநாள் பால் வடியும் மங்குகளைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, தோக்கணும்னு வேண்டிக்கிறீங்களா?” என்றாள்.

“ஜெயிக்கணும்னு வேண்டிக்கிறேன். அவரு போகணும்னும் வேண்டிக்கிறேன். சாமி எப்படியோ பாத்துக்கட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. “அந்த எடத்துல வேற ஆளு நின்னா, எங்க வீட்டுக்காரரு வரமாட்டாருன்னு ஊரே சேந்து சொல்ற மாதிரி லா” என்றாள்.

பந்து ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். இரண்டையும் கலக்கக்கூடாது என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. ஆனால் அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்கிற அளவுக்கு நான் மோசமானவள் இல்லை.

தஞ்சோங் டாவாய் மெர்போக் ஆற்று முகத்தில் இருக்கிற மீன்பிடி ஊர். மலாய்க்காரர்கள். நல்ல மனுஷர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் மீன் சுட்டுப் போட்டுத்தான் அனுப்புவார்கள். அதற்காகவே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர். நாங்கள் அவித்த மரவள்ளியைக் கூடையில் கட்டிக்கொண்டு சம்பானில் ஏறி ஆற்றோடு போனோம். அவர்களுடைய பந்து கிழிந்த வலைக்குள் தேங்காய் நார் அடைத்துத் தைத்தது. தரையில் போட்டால் போட்ட இடத்திலேயே உட்காரும். ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் பாதி அவர்கள் பந்து, இரண்டாம் பாதி எங்கள் பந்து.

முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். பரவாயில்லை, இனி நம் பந்து வருகிறது என்று நாங்கள் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். மேனேஜர் சாக்குப் பையிலிருந்து பந்தை எடுத்தார். வெயிலில் பளபளவென்று மின்னியது.

நான் எழுந்து கிட்டே ஓடினேன். “என்னண்ணே தடவுனீங்க?”

“தேங்காண்ண. வீட்ல தலைக்கு வச்சிருந்தது. முக்கியமான ஆட்டம், பந்து பாக்க நல்லாருக்க வேணாமா?”

பால் வெட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். கையில், முடியில் ஒட்டிய பாலைக் கரைத்தெடுக்க நாங்கள் தேய்ப்பதே தேங்காயெண்ணெய்தான். ரப்பர் மேல் எண்ணெய் பட்டால் அது ஊறும், உப்பும், அப்புறம் வெல்லப்பாகு மாதிரி இளகி ஒட்டும். அதை இந்த மனுஷன் முந்தின நாளே தேய்த்து, சாக்கில் கட்டி, சம்பானில் வெயிலில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். ஊரில் விளக்கேற்ற எண்ணெய் இல்லாத காலத்தில்.

பந்தை நடுவில் வைத்து உதைத்தார்கள். ஒரு சுற்று உருண்டது, மணல் முழுக்க அதில் ஒட்டிக்கொண்டது. எழும்பவில்லை. உதைத்தவன் காலோடு கொஞ்ச தூரம் போய் அப்புறம் விழுந்தது. தஞ்சோங் டாவாய்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எரிச்சலானார்கள். அவர்கள் கோல் கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டு எறிய முடியாமல் கையை உதறு உதறு என்று உதறினான். நாங்கள் கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டோம். எதிரணியைத் திட்ட வந்த நாங்கள் எங்கள் மேனேஜரைத் தவிர வேறு யாரையும் திட்டவில்லை. “இந்த ஆட்டத்தோட வீட்டுக்குப் போங்கண்ணே” என்று நான் கத்தியது ஆற்றின் அந்தக் கரைக்கே கேட்டிருக்கும்.

எங்கள் நடு ஆட்டக்காரன் புகைக்கூண்டில் வேலை செய்கிறவன், பெரிய உடம்பு. யாரோ பலமாக உதைத்ததில் ஒரே ஒரு தடவை எழும்பிய பந்து பறந்துவந்து அவன் நெஞ்சில் பொத்தென்று விழுந்தது. விழுந்தது கீழே வரவில்லை. கோணிச்சாக்கின் பிசிரில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தான்.

“ஓடுரா” என்றார் மேனேஜர்.

கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவன் ஓட ஆரம்பித்தான். எந்தப் பக்கம்? இடது பக்கம். அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லாததால் அவர்களும் அந்தப் பக்கத்துக்குக் காவல் வைக்காமல் விட்டிருந்தார்கள். துரத்தி வந்தவர்களுக்கு எதை உதைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சில் இருக்கிற பந்தை எப்படி உதைப்பார்கள்? அவன் கோலுக்குள் நுழைந்து, வலையாகக் கட்டியிருந்த மீன்வலையில் சிக்கி, பந்தோடு படுத்துவிட்டான்.

ஆட்டத்தை நடத்தியது அந்த ஊர்த் தலைவர், பெங்ஹுலு. வயதானவர். கிட்டே போய்ப் பந்தையும் சாக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்தார். “தாங்ஙான் தாக் கெனா” என்றார். கை படவில்லை என்று அர்த்தம். பிறகு அவருடைய ஊர்க்காரர்களின் கூச்சலுக்கு நடுவே, “கோல்” என்றார். எங்களிடம் வேறு பந்து இல்லை, அவர்கள் பந்து இரண்டாம் பாதியில் செல்லாது, அந்தப் பந்தைச் சாக்கிலிருந்து பிரிக்கவும் முடியவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது.

ஜெயித்துவிட்டோம். நான் குதித்தேன், பொய் சொல்ல மாட்டேன். குதித்து இறங்கிய பிறகுதான் இந்த ஆள் இனிப் போகமாட்டார் என்பது நினைவுக்கு வந்தது. மீன் தின்னும்போது மேனேஜர் முள்ளைத் துப்பிக்கொண்டு சொல்கிறார், “எடது பக்கத்த எதுக்குக் காலியா வச்சேன்னு இப்பப் புரியுதா?” எண்ணெயையும் வேண்டுமென்றே தடவியதாகச் சொல்லியிருப்பார், நான் முறைத்ததால் விட்டுவிட்டார். பக்கத்து நிரைக்காரி என் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். வாயில் மீனை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. லாரி போன நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் தம்பி வேர்க்காமல் வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு இடது பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். கோல் கீப்பரைப் பற்றி மட்டும் திறந்தேன்.

சப்பான்காரன் போனான். சில மாதம் கழித்து சயாம் போனவர்களில் சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை, அவர்களைப் பற்றி எழுத இது இடமில்லை. இவன் வந்தான். காலில் புண் ஆறிய குழி, முழங்கால் மட்டும் பெரிசு. அவன் பெண்டாட்டி அவனை ஒரு மாதம் வெளியே விடவில்லை. வெளியே வந்த முதல் சனிக்கிழமை மேனேஜர் அவன் தலையில் ஒரு சாக்கை மாட்டி இடது பக்கம் நிறுத்திவிட்டார். பீடோங் டவுன் பையன்களோடு ஆட்டம். அவனால் நடக்கத்தான் முடிந்தது. பந்து அவனைத் தாண்டிப் போகும், அவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது பதினோரு பேர், ஆடுவது பத்துப் பேர். எனக்குத் திட்டு நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கோட்டுக்கு வந்து சாக்கைக் கழற்றினான். “அண்ணே, எடம் வச்சிருந்தீங்க, வந்து நின்னுட்டேன். போதும். இனி இவன் ஓடட்டும்” என்றான். என் தம்பியைக் கைகாட்டினான்.

“சரி தம்பி” என்றார் மேனேஜர்.

நான் அத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. இவன் மெதுவாக ஒரு தடவை சொன்னான், ஏறிவிட்டது.

என் தம்பி உள்ளே போனான். வந்த முதல் பந்தை மரவள்ளிக் கொல்லைக்குள் உதைத்தான். அடுத்ததை உதைக்கப் போய்க் காற்றை உதைத்து மல்லாந்து விழுந்தான். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இன்றுவரை அவரை நல்ல மேனேஜர் என்று சொல்ல மறுக்கிறேன்.