சிவந்த பாத்தி

ஆவணி வெயிலில் அம்மா உப்பு வாரும் பாத்தி சிவந்துபோனது. பீற்றூட் அவித்து வடித்த தண்ணீர் போல இருந்தது. ஓரத்து நுரைகூட இளஞ்சிவப்பு. பக்கத்துப் பாத்திகள் வழக்கம் போலச் சாம்பல் நிறத்தில் கிடந்தன.

அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் மூன்றாம் வருடம். எங்கள் பரம்பரையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். மீனும் பாசியும் செத்துப்போகிற அளவுக்கு உப்புத் தடித்த நீரில்தான் சில உயிர்கள் செழிக்கும் என்றும், நல்ல தண்ணீரில் விட்டால் அவை உடைந்து சாகும் என்றும் படித்திருந்தேன். அந்தச் சிவப்பு அவற்றின் நிறம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அவை இருந்தன.

உப்பளத்துப் பெண்களுக்கு வேறு விளக்கம் இருந்தது: துடக்கோடு யாரோ இறங்கிவிட்டார்கள். மாதவிலக்கு நாட்களில் பாத்தி வரம்பில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மிளகாய்த் தோட்டத்திலும் அப்படித்தான். ஆனால் மிளகாய்ச் செடி பட்டுப்போனால் பூச்சி என்றாவது சொல்வார்கள். உப்பு சிவந்தால் இரத்தம்தான்.

அந்தப் பாத்தியில் இறங்குவது அம்மாவும் இரண்டு இளம் பெண்களும். அவர்கள் இருவரும் கோயிலைக் காட்டிச் சத்தியம் செய்தார்கள். அம்மா சத்தியம் செய்யவில்லை.

“குமருகளின்ரை வேலை எண்டு பாத்தா, கிழடெல்லோ!” என்றாளாம் ஒருத்தி. “உனக்கு இன்னும் நிக்கேல்லையேயடி?” எல்லோரும் சிரித்தார்களாம்.

வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நிறம் போகும்வரை வரவேண்டாம் என்று அம்மாவை அனுப்பிவிட்டார். மாரி மழைக்கு முன் அந்த நிறம் போகாது. எனக்குத் தெரியும். அதனால்தான் அவரிடம் போனேன். அம்மா அவரை “ஐயா” என்பாள். நான் “அண்ணை” என்றேன். அதை அவர் கவனித்தார்.

“அண்ணை, உது துடக்குமில்லை, ரத்தமுமில்லை. உப்பிலை வாழுற சின்ன உயிர். கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கிலை சேந்தா நிறம் தெரியும்.”

“உப்புக்குள்ளை உயிரோ? அப்ப நாங்கள் சைவக்காரர் என்னத்தைத் தின்னுறது?”

“தயிருக்குள்ளையும் இருக்கு. தின்னுறியள்தானே.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“சிவத்தத் தண்ணி வெயிலைக் கூடக் குடிக்கும்,” என்றேன். “கெதியா வத்தும். உப்பும் கெதியா விளையும்.”

அதற்குத்தான் அவர் நிமிர்ந்தார். “மெய்யோ?”

“ஓம். பக்கத்துப் பாத்தியையும் சேத்துப் பாத்துக்கொண்டிருங்கோ.”

பார்த்தார். சிவந்த பாத்திதான் முதலில் விளைந்தது. அந்த நீரையே வாளியில் அள்ளி மற்றப் பாத்திகளிலும் ஊற்றச் சொன்னார். பார்க்க வந்த அதிகாரிகளுக்குத் தயிர் உதாரணத்தோடு அவரே விளக்கினாராம். அம்மாவின் இடத்தில் வேறொருத்தி இறங்கினாள்.

மறுபடியும் போனேன்.

“தங்கச்சி, நீர் சொன்னது முழுக்கச் சரி,” என்றார். “ஆனா மற்றப் பொம்பிளையள் உம்மடை அம்மாவோடை இறங்க மாட்டினமாம். நான் என்ன செய்யிறது?”

“நீங்கள் சொன்னா இறங்குவினம்.”

“சொல்லலாம். ஆனா அண்ணை சொன்னாக் கேக்க மாட்டினம். ஐயா சொன்னாத்தான் கேப்பினம்.”

ஒரு சொல்தான். என் வாயில் அது வரவில்லை. இன்றைக்கும் வராது.

அம்மா அச்சுவேலியில் ஒரு வியாபாரியிடம் வெங்காயத் தாள் அரியப் போகத் தொடங்கினாள். அவள் வீட்டில் இருந்த ஒரு மாலையில் நான் ஓவசியரைத் திட்டித் தீர்த்தேன்.

“விடு பிள்ளை,” என்றாள். “அண்டைக்கு எனக்குத் துடக்குத்தான். வீட்டிலை நிண்டாச் சம்பளத்தை வெட்டுவாங்கள் எண்டு மறைச்சு இறங்கினனான்.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையம்மா.”

“நீ படிச்சனி, உனக்குத் தெரியும். நான் இறங்கினனான், எனக்குத் தெரியும்.”

இறுதி வருட ஆய்வுக்கு அதே பாத்திகளைத்தான் எடுத்தேன். ஓவசியர் அனுமதி தந்தார், தாராளமாகவே தந்தார். முதல் மாதிரி எடுக்கப் போகிற காலையில், கழுவிய போத்தல்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“உனக்கு இப்ப துடக்கில்லைத்தானே?”

பொய் சொல்லியிருக்கலாம். “மூண்டாம் நாள்,” என்றேன்.

அவள் குனிந்து போத்தல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள்.

“அப்ப நாளையிண்டைக்குப் போ. அங்கை நிக்கிற பொம்பிளையள் பாவம்.”

சொல்வதற்கு என்னிடம் எல்லாக் காரணங்களும் இருந்தன. இரண்டு நாள் கழித்து, தலை முழுகிவிட்டுத்தான் போனேன்.