குழாயில் ஃப்ளூரைடு கலக்கும் ஊர்: கிராண்ட் ரேபிட்ஸ்

போன மே மாதம் என் தங்கை கலையரசியைப் பார்க்கப் பத்து நாள் அமெரிக்கா போயிருந்தேன். மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரேபிட்ஸ் என்ற ஊர். அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். நியூயார்க்கைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த ஊருக்குப் போகிறவர்களுக்காக இது.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரான கடத்தூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் காரில் நாலரை மணி நேரம். சிகாகோவில் இறங்கி, தங்கையின் காரில் 290 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்.

ரேபிட்ஸ் என்றால் பாறைகளில் நீர் பாய்ந்தோடும் இடம். ஒகேனக்கல் பக்கத்துக்காரன் ஆயிற்றே, ஆசையாகப் போனேன். பாய்ச்சலையே காணோம்! எந்தக் காலத்திலோ அணைகள் கட்டி அடக்கிவிட்டார்கள். வடக்கே வெட்டிய பைன் மரங்களை இந்த ஆற்றில் மிதக்கவிட்டு நாற்காலி, மேசை செய்து பெரிதான ஊர். இன்று ஆஸ்பத்திரிகளும் ஆபீஸ் நாற்காலிக் கம்பெனிகளும் சோறு போடுகின்றன. சுமார் இரண்டு லட்சம் பேர். டவுன் பஸ் ஒன்றே முக்கால் டாலர்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. ஆற்றங்கரையில் நீல நிறத்தில் ஓர் இரும்புச் சிற்பம். எதற்கு என்று கேட்டேன். 1945இல் உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் ஃப்ளூரைடு கலந்த ஊர் இதுதான், அதன் நினைவாக என்றாள் கலை. பல் சொத்தையாகாமல் இருக்கவாம். எங்கள் மாவட்டத்தில் பல்லில் வெள்ளைத் திட்டுப் போட்டு, பிறகு அதைக் காவியாக்கி, முட்டியை முடக்கிப்போடும் அதே ஃப்ளூரைடு! என் பல்லும் காவிதான், போட்டோவில் வாயைத் திறந்ததே இல்லை. விசா போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்றபோது நிம்மதியாக இருந்தது.

"விஷத்தக் கலந்துட்டு செல வேற வெச்சிருக்கானுங்களா?" என்று கத்திவிட்டேன்.

"அண்ணா, இங்க லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்தான், அளந்து போடறாங்க. நம்ம பக்கம் நிலத்தடித் தண்ணியிலயே பல மடங்கு இருக்குது. ஆமா, நம்ம வூட்ல இப்ப எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"போர் தண்ணிதான். தெருக் குழாய்ல ஒகேனக்கல் தண்ணி வருது. மருந்து வாசன அடிக்குதுன்னு மாட்டுக்கு வெக்கறோம்."

"யாழினியும் போர் தண்ணியா?"

யாழினி என் மகள், ஏழு வயது. பால்பல் விழுந்துகொண்டிருக்கிறது. ஃப்ளூரைடுக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது, கொதிக்கவைத்தாலும் போகாது; அதற்காகவே ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விடுகிறார்கள். இதையெல்லாம் பேப்பரில் நூறு தடவை படித்தவன்தான் நான். இனிப்பாக இருக்கிறதே, எங்கள் போரில் அது இருக்காது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டு, யாழினிக்கு இனிக் குழாய்த் தண்ணீர்தான் என்றேன். ஊரில் இரவு ஏழரை மணி.

"கொழாத் தண்ணி புள்ளைக்கா? அமெரிக்கா போயி இதத்தான் கண்டுபுடிச்சீங்களா?" என்று சிரித்தாள். என் குரல் உடைந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கிராண்ட் ரேபிட்ஸ் போகிறவர்கள் மே மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். தர்மபுரிக்காரர்கள் எங்கேயும் போக வேண்டாம். சுத்தமான பாட்டிலில் உங்கள் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு முதலில் அரசு ஆய்வகத்துக்குப் போங்கள். நான் திரும்பி வந்ததும் போனேன். அளவு எல்லை தாண்டியிருந்தது.

போன வாரம் யாழினிக்குப் புது முன்பல் எட்டிப் பார்த்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, பல்லுல சுண்ணாம்பு ஒட்டியிருக்குது. எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது."