புழு விருந்துக்குப் போனால்

எங்கள் வீட்டில் புழுவைப் பற்றி ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. சொன்னால் அது ரோசப்பட்டுத் திரும்பி வராதாம். மழைக்காலத்தில் சேறு வெறுமையாகக் கிடந்தாலும் ஐயா, “விருந்துக்குப் போயிட்டுது” என்றுதான் சொல்லுவார். முல்லைத்தீவுக் கடலோரக் களப்பில் தூண்டில் போட்டு எங்களை வளர்த்த மனிதர் அவர். தூண்டிலுக்கு இரை, கண்டல் மரங்களின் கீழே சேற்றில் கிடக்கும் புழு. இடுப்புப் பிடித்த பிறகு அவரால் குனிய முடியவில்லை. அம்மாவின் கையில் குழந்தை. ஆக, கிண்டுகிறவள் நான்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்து ஆசிரிய கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்தது. தை முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் அது இன்னொருத்திக்குப் போய்விடும்.

“புழு விருந்துக்குப் போன உடனை நீயும் போ, பிள்ளை” என்றார் ஐயா.

மழை பெய்து குளத்துத் தண்ணீர் களப்பில் இறங்கினால் உப்புக் குறையும், புழுவும் மறையும். ஊரெல்லாம் நெல்லுக்காக மழை கேட்டது. நான் புழு தொலையவேண்டும் என்று கேட்டேன். வானம் எவரையும் மதிக்கவில்லை. புரட்டாதி முழுக்கக் காய்ந்தது. அந்த வெயிலுக்காவது புழு செத்ததா? இன்னும் ஆழத்துக்கு இறங்கியது. மணிக்கட்டளவு கிண்டியவள் முழங்கையளவு கிண்டினேன். வேர்களுக்கு நடுவே குந்தியிருந்து புழுவையும் ஐயாவையும் சேர்த்தே திட்டினேன்.

கார்த்திகையில் மழை கொட்டியது. ஒரு கிழமைக்குள் நான் புழு போடும் சிரட்டை வெறுமையானது. சந்தோசத்தோடு றங்குப் பெட்டியை அடுக்கினேன். ஆனால் ரயிலுக்குப் புளியங்குளம் போகிற வீதி வெள்ளத்துக்குள். பஸ் நின்றுவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான்தான். என்னை விடுவித்த மழையே வழியையும் அடைத்துவிட்டது. வீட்டுக்குள் நடந்து நடந்து பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது.

மார்கழிக் கடைசியில் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டார்கள். வெள்ளம் கடலுக்கு இறங்கத் தொடங்கியது. அதே வழியால் கடல்நீர் உள்ளே வரும், உப்போடு புழுவும் வரும். எது முந்தும், பஸ்ஸா, புழுவா?

தையில், பஸ் ஓடத் தொடங்கிய அன்று காலை, ஐயா வழக்கமில்லாமல் தானே கண்டலுக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து முற்றத்தில் நின்றார்.

“புழு இல்லை. நீ வெளிக்கிடு.”

அம்மா திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். அந்தச் சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டதே கிடையாது. ஐயா பெட்டியை என்னிடம் தூக்கித் தந்தபோதுதான் அவர் கையைக் கண்டேன். முழங்கை வரைக்கும் சேறு. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு புழு ஒட்டி நெளிந்துகொண்டிருந்தது.

“ஐயா...”

“பஸ் நிக்காது, பிள்ளை. ஓடு.”

ஓடினேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் போயிருக்கமாட்டேன்.