செத்தவர்கள் செத்தே இருந்த படம்

இப்போது அதற்கு அனிமே என்று பெயர். என் மகன் கைத்தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தால், "அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது லா" என்கிறான். எனக்கா புரியாது? ஜப்பான்காரன் வரைந்த ஒரு படத்துக்காக எங்கள் வீட்டில் ரத்தம் சிந்தியிருக்கிறது. அதைச் சொன்னால் பிள்ளைக்குச் சோறு இறங்காது என்று வாயை மூடிக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினைந்து வயது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால், எண்ணெய்க்குப் பழம் வெட்டுகிற எங்கள் செம்பனைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி, லோரி பேட்டரியில் ஓடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அண்ணன் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவான். அவனுக்குப் பதினெட்டு வயது. பழக்குலைகளை லோரியில் ஏற்றுகிற வேலை, தோள் இரண்டும் கல்லு மாதிரி இருக்கும்.

பேட்டரிக்கு அப்பா கணக்கு வைத்திருந்தார். தினமும் அரை மணி நேரம் செய்தி, வாரம் ஒரு தமிழ்ப் படம். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஓடினாலும் பதினைந்து நாள் தாங்காது. படம் போடுகிற மாலையில் லயமே பாயோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே இடமில்லாதவர்கள் சன்னலில் தொங்குவார்கள். வெயிலில் நாள் முழுக்கக் குலை வெட்டி, வேலையை மேய்க்கிற மண்டோரிடம் திட்டு வாங்கி வருகிற அப்பாவுக்கு, அந்த மூன்று மணி நேரம்தான் ராஜா வேஷம். அவர் கை மட்டும்தான் பேட்டரி கிளிப்பைத் தொடலாம்.

நான் அதைத் தொட்டதற்குக் காரணமும் ஓர் அடிதடிதான். பள்ளிக்கூடத்து லோரியில் ஒருத்தன் என் சடையைப் பிடித்து இழுத்தான். சாப்பாட்டுத் தூக்கால் அவன் மூக்கில் ஒன்று போட்டேன். மூக்கு உடைந்துவிட்டது. அவன் அம்மா வந்து எங்கள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன பிறகு, "இனிமே சாயங்காலத்துல வாசப்படி தாண்டுனே, காலை ஒடிச்சிருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். அண்ணன் பந்து விளையாடப் போய்விடுவான். அம்மா விறகுக்குப் போய்விடுவாள். ஐந்திலிருந்து ஆறரை வரை நானும் அந்தப் பெட்டியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். நாலாவது நாள் கிளிப்பை மாட்டினேன்.

திரையில் ஒரு கோட்டை எரிந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில் மிதக்கிற கோட்டை. ஓர் இரும்பு ராட்சசன் அதன் சுவரைக் கையால் பிய்த்துப் போட்டான். உள்ளே பீரங்கிக்குப் பின்னால், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பேச்சு ஆங்கிலம், கீழே மலாய் எழுத்து. பாதி புரிந்தது, மீதி தேவைப்படவில்லை. அவள் தம்பி அவள் காலடியில் செத்துக் கிடந்தான். அவள் அழுதுகொண்டே சுட்டாள். கையில் ரத்தம் வழிய வழியச் சுட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அதுவரை நான் பார்த்த பொம்மைப் படங்களில் பூனை தலையில் அம்மிக்கல் விழும், அடுத்த நொடி பூனை எழுந்து ஓடும். இதில் செத்தவர்கள் அடுத்த வாரமும் செத்தே இருந்தார்கள். அந்தத் தம்பி திரும்பி வரவே இல்லை. அவன் படுத்த கட்டில் காலியாக இருந்ததை ஒரு முழு நிமிடம் காட்டினார்கள். பொய்யே சொல்லாத ஒருத்தரை முதல்முதலாகச் சந்தித்த மாதிரி இருந்தது எனக்கு. செவ்வாயும் வியாழனும் ஐந்தரை மணிக்கு அது வரும். மற்ற ஐந்து நாளும் எனக்கு நாளே இல்லை. வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவளை வரைந்து தள்ளினேன். பீரங்கியை மட்டும் ஒழுங்காக வரைய வந்ததே இல்லை.

பேட்டரி இறங்குவதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டாம். முதலில் படம் ஓரங்களில் சுருங்கும், பிறகு முகங்கள் ஒல்லியாகும், கடைசியில் ஒரு கோடு. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, என் பீரங்கிக்காரியின் முகம் ஒல்லியாக ஆரம்பித்தது. சனிக்கிழமை தமிழ்ப் படம். டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டை மங்கினால் லயத்தில் எல்லோரும் அதை வெயிலில் காய வைப்பார்கள். கொஞ்சம் உயிர் வரும். அதையே நினைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பகலில் அந்த லோரி பேட்டரியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிப் போய்க் கொல்லையில் வெயிலில் வைத்தேன். அப்படி ஒரு முட்டாள்தனம். பேட்டரிக்கு ஓர் உயிரும் வரவில்லை. உள்ளிருந்த திராவகம் சிந்தி என் பாவாடையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை, படத்தில் கதாநாயகனை வில்லன் ஆட்கள் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தபோது திரை சுருங்கியது. அப்பா பெட்டியைத் தட்டினார். கிளிப்பைக் கழற்றி மாட்டினார். கோடு விழுந்தது. அதுவும் போனது.

சன்னல் பக்கத்திலிருந்து யாரோ, "என்னாண்ணே, அவனைக் கட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டானுங்களா?" என்றார். லயமே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். "முழு சார்ஜ் போட்டியாடா?"

"போட்டேம்பா."

"பொய் சொல்றியா? கடையில வச்சிட்டு எங்கடா ஊரு சுத்தப் போன?"

இடுப்பு வார் எப்போது கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். மூன்றாவதில் வாரின் பித்தளைக் கொக்கி அண்ணனின் புருவத்தைக் கிழித்தது. விளக்கு வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் நழுவினார்கள். தடுக்க ஒருவர் வரவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தெரியும். அம்மா நடுவில் விழுந்தாள், அவளுக்கும் ஒன்று. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். 'நான்தான்' என்ற ஒரு சொல் தொண்டை வரை வந்தது. சொன்னால் பெட்டியைப் பூட்டிவிடுவார். செவ்வாய்க்கிழமை அவளை எதிரிகள் பிடிக்கப் போகிறார்கள். சொல்லவில்லை. ஆமாம், அதற்காகத்தான் சொல்லவில்லை. வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

பிறகு குழாயடியில் அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். துண்டை நீட்டினேன். புருவத்தில் அம்மா அப்பிய காப்பித்தூள் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"சண்டைப் படமா?" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "ம்" என்றேன்.

"யாரு ஜெயிக்கிறா?"

"இன்னும் தெரியலண்ணே."

"சரி" என்று துண்டை வாங்கிக்கொண்டான்.

மனுஷி என்றால் அன்றோடு விட்டிருக்க வேண்டும். அண்ணன் மறுபடி சார்ஜ் போட்டு வந்த பேட்டரியை ஒரு வாரம் தொடாமல் விட்டேன். அந்தச் செவ்வாயும் வியாழனும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அணைந்த கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தேன். அடுத்த செவ்வாய் கை தானாகக் கிளிப்புக்குப் போனது. பாதிதான் பார்ப்பேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்தேன். சிறையில் அவளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் தலையை நிமிர்த்தி எதிரியின் கண்ணைப் பார்த்தாள். பாதியில் யார் எழுந்து போவார்கள்? வியாழனும் பார்த்தேன்.

சனிக்கிழமை மறுபடியும் திரை சுருங்கியது. போன முறை மாதிரி கடைசியில் அல்ல; திராவகம் சிந்திப்போன பேட்டரி, இடைவேளை தாண்டிய உடனேயே படுத்துவிட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தான், அவ்வளவுதான். நான் அந்த வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார் சுழன்றது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நாலைந்து வாங்கினான். அம்மா ஓடி வந்து குறுக்கே நின்றபோது, அப்பா அவளை முடியைப் பிடித்து இழுத்துக் கதவில் மோதினார். பலகை அதிர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் தடுத்திருக்க முடியாது. அண்ணன் வாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்பாவின் முகத்தில் குத்தினான். ஒரே குத்து. குலை ஏற்றுகிற கை. அப்பா பேட்டரி மேல் சாய்ந்து தரையில் விழுந்தார். வாயிலிருந்து பல் ஒன்று ரத்தத்தோடு பாயில் விழுந்தது. அண்ணன் மறுபடி கையை ஓங்கினான். அம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டு, "வேணாய்யா, வேணாய்யா, அப்பாய்யா" என்று கதறினாள்.

ஓங்கிய கையை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சட்டை இரண்டைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். அசாம் ஜாவாவில் கூட்டாளி வீட்டுக்குப் போனதாகவும், விடிந்ததும் அங்கிருந்து கிள்ளானுக்குப் பஸ் ஏறப் போவதாகவும் பந்து விளையாடுகிற பையன் ஒருத்தன் வந்து சொன்னான். அப்பா மேல் கை நீட்டியவன் இனி அந்த வீட்டில் சாப்பிட முடியாது. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அப்பா வீங்கின வாயோடு பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். வார் அடி எத்தனை விழுந்தாலும் தலையை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"அப்பா, அண்ணன் முழு சார்ஜ்தான் போட்டிச்சு. நான்தான் பேட்டரிய முடிச்சேன். ரெண்டு தடவையும் நான்தான்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்னாப்பா?"

"பாவாடையெல்லாம் திராவக ஓட்டை. எனக்கு என்னா கண்ணு அவிஞ்சா போச்சு? மொத நாளே தெரியும்." எச்சிலோடு ரத்தத்தைத் துப்பினார். "வயசுக்கு வந்த புள்ளய நாலு பேரு முன்னால எப்படிடி அடிக்கிறது? நாளைக்கு எவன் கட்டுவான்? அத்தன பேரும் சிரிக்கிறானுங்க. யாரையாவது அடிச்சாவணும் லா."

அது எங்கள் லயத்துச் சட்டம். சடங்கு முடிந்த மகள் மேல் அப்பன் கை வைக்கக் கூடாது. பன்னிரண்டு வயது வரை அதே வாரால் என்னையும் விளாசியவர்தான். சடங்குக்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை. நான் நல்ல பிள்ளையாகிவிட்டதால் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அடியெல்லாம் அண்ணன் முதுகில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அதுவும் அவனுக்குத் தெரிந்தே.

எனக்கு வெறி பிடித்தது. வேறு சொல் இல்லை. உள்ளே போனேன். பெட்டியைத் தூக்கினேன். கம்பி அறுந்து தொங்கியது. பின்வாசலுக்குக் கொண்டுவந்து, அவர் காலடியில், சிமெண்டுத் தரையில் போட்டு உடைத்தேன். கண்ணாடி வெடித்த சத்தத்தில் அடுத்தடுத்த வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. அப்பா எழுந்தார். லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சட்டமெல்லாம் பறந்து போக, என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இன்னொன்று. இன்னொன்று. விழுந்து எழுந்து நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தேன். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். காது அடைத்துக்கொண்டது.

அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டாள். மணி பத்தாகியிருந்தது. கிள்ளான் பஸ் எப்போதோ போயிருக்கும். இந்த மூன்று அறையும் பதினைந்து நாள் முன்னால் என் கன்னத்தில் விழுந்திருந்தால், அண்ணன் எங்களோடு இருந்திருப்பான்.